தண்ணீர் தெளிக்க மாட்டேன் என்றவள்

எனக்கும் என் அண்ணிக்கும் ஏழாம் பொருத்தம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் அவளைப் புகழ்கிற இடம் வரும்போது குடும்பப் பாசம் என்று யாராவது நினைத்துத் தொலைப்பார்கள். இருப்பது ஒரே வீடு, வேலை ஒரே மருத்துவமனை, போவது ஒரே பஸ். ஆனால் அவள் முன் இருக்கையில் உட்கார்ந்தால் நான் பின்னால் போய்விடுவேன்.

நான் கீழ்த்தளத்தில் இரத்த வங்கி மேசையில் இருக்கிறேன். எந்த வகை இரத்தம் எங்கே இருக்கிறது என்று திரையில் தேடிச் சொல்வது என் வேலை. அண்ணிக்கு மூன்றாம் மாடி, சர்வர் அறை. மருத்துவமனையில் உள்ள அத்தனை திரைகளும் அந்தக் குளிர்ந்த அறையிலிருந்துதான் ஓடுகின்றன. அங்கே அவளுக்கு 'மூன்றாம் மாடி முரண்டு' என்று ஒரு பெயர் உண்டு. வைத்தது நான்தான். பரப்பியது ஊர்.

முரண்டு என்றால் சும்மா முரண்டு இல்லை. வீட்டில் கத்தரிக்கோலை எடுத்தவர் எடுத்த இடத்தில் வைக்கவில்லை என்றால் அன்றைக்கு வீடு இரண்டுபடும். சாப்பிட உட்கார்ந்த என்னிடம், "குளியலறை விளக்க அணைச்சிட்டு வந்து உக்காரு" என்பாள். என் அண்ணன் ஒரு வாயில்லாப் பூச்சி. கல்லூரியில் பிள்ளைகளுக்குப் புரோகிராம் எழுதச் சொல்லிக்கொடுக்கிறான். அதற்கு முன்னால் ஏதோ கம்பெனியில் இருந்தான். அவன் எழுந்து போய் அணைத்துவிடுவான். நான் போகமாட்டேன். அதனால்தான் ஏழாம் பொருத்தம்.

எங்கள் மருத்துவமனையில் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. மதிய நேரம் நெருங்கும்போது எல்லாத் திரைகளும் உறைந்துபோகும். எதை அழுத்தினாலும் அசையாது. "மயங்கிடுச்சு" என்பார்கள். கணினிப் பிரிவு மேலாளர் தன் அறையில் உட்கார்ந்தபடியே சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிடுவார். அதற்குப் பெயர் 'தண்ணி தெளிக்கிறது'. தெளித்தால் எழுந்துவிடும். நர்சுகள் அந்த நேரத்தைப் பார்த்துத்தான் டீ குடிக்கப் போவார்கள். ஆய்வுக்கூடத்தில் பாதி அடித்து வைத்த முடிவுகள் காற்றில் போகும், மறுபடி அடிப்பார்கள். யாரும் முணுமுணுப்பதில்லை. சூரியன் உதிப்பது போல அதுவும் ஒரு நடைமுறையாகிவிட்டது.

அண்ணிக்கு மட்டும் அது ஆகாது. "காரணம் தெரியாம தெளிக்காதீங்க சார், கொஞ்ச நேரம் விடுங்க, உள்ள என்ன நடக்குதுன்னு பாக்குறேன்" என்று மாதக்கணக்கில் கேட்டிருக்கிறாள். மேலாளர் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். "பாக்கலாம், பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே தெளித்துவிடுவார். தெளித்துவிட்டால் உள்ளே இருந்த தடயம் எல்லாம் துடைத்தெறிந்தது போலப் போய்விடும்.

ஒருநாள் வீட்டில் நான் வம்புக்கென்றே கேட்டேன். "தினம் தினம் சாகுதே உங்க மிஷின், நீங்க என்னதான் பண்றீங்க அண்ணி அங்க?"

சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். அவளோ என்னையே கேள்வி கேட்டாள். "நம்ம வாசல்ல சக்கர நாற்காலி காலையில எப்படி இருக்கும்?"

"வரிசையா நிக்கும்."

"மதியம்?"

மதியம் ஒன்றுகூட இருக்காது. தள்ளிக்கொண்டு போகிறவர்கள் நோயாளியைக் கட்டிலில் ஏற்றிவிட்டு, நாற்காலியை வார்டு மூலையில் விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். வாசலில் கால் உடைந்தவர் ஒற்றைக்காலில் நிற்பார்.

"அதேதான். ஒவ்வொரு தடவையும் டேட்டாபேஸ் கதவப் புதுசாத் தட்டி, நான் இன்னாருன்னு சொல்லி உள்ள போனா நேரமாகும். அதனால நாப்பது கனெக்ஷனத் தயாராத் தெறந்து வெச்சிருக்கோம். ஒரு ஸ்கிரீன் எதையாவது கேட்டா, அதுல ஒண்ண எடுத்துக்கிட்டுப் போய்க் கேக்கும். பதில் வந்ததும் திருப்பி வெச்சிடணும். எவனோ எடுக்குறான், வெக்க மாட்டேங்குறான். நாப்பதும் போனதும் மத்தவங்கல்லாம் ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. அதத்தான் நீங்க மயக்கம்னு சொல்றீங்க."

"தண்ணி தெளிச்சா சரியாயிடுதே?"

"வார்டு வார்டாப் போய் எல்லா நாற்காலியையும் புடுங்கிட்டு வந்து வாசல்ல நிறுத்துறாங்க. உக்காந்திருக்கிறவனையும் கீழ தள்ளிட்டு. அதுக்குப் பேரு சரியாகுறதா?"

எனக்குப் புரிந்தது. புரிந்ததை அவளிடம் சொல்லிவிடுவேனா என்ன? "என்னமோ போங்க" என்று எழுந்து போய்விட்டேன்.

பிறகு அந்த நாள் வந்தது. பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் வேண்டும் என்று கீழே ஓடிவந்தார்கள். எங்களிடம் இருந்ததைக் கொடுத்தாயிற்று, போதவில்லை. எங்களோடு இணைந்த மற்ற மருத்துவமனைகளில் தேடினேன். 'இல்லை' என்று வந்தது. மறுபடி தேடினேன். இல்லை. நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். ஏன் என்றால் இரத்தம் மூட்டை கட்டி வைத்த சரக்கு இல்லை. எங்கேயோ யாரோ கை நீட்டிக் கொடுத்துக்கொண்டேதான் இருப்பார்கள். இந்த நிமிடம் இல்லாதது அடுத்த நிமிடம் இருக்கும்.

நான் அழுத்த அழுத்த, திரை உறைந்தது. என் திரை மட்டுமா? மருத்துவமனை முழுக்க. போனைத் தூக்கினேன். ஒவ்வொரு இடமாகக் கூப்பிட்டுக் கத்தினேன். ஒரு மருத்துவமனையில் அப்போதுதான் இரண்டு பை வந்திருந்தது. திரை உயிரோடு இருந்திருந்தால் நான் எப்போதோ பார்த்திருப்பேன். தாய் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. ஆனால் அந்தப் பெண்ணின் புருஷன் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் எனக்குத் தூக்கத்தில் வருகிறது.

விசாரணை வைத்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது என் தலையில் வந்து விடிந்தது. மேலாளர் கணக்கெடுத்துக் காட்டினார்: சர்வர் மயங்குவதற்கு முன்னால் இரத்த வங்கி மேசை ஒரே தேடலை விடாமல் அழுத்தியிருக்கிறது. "ஒரு தடவ இல்லன்னு வந்தா இல்லதானே? பதட்டத்துல பட்டனப் போட்டு அடிச்சா எந்த மிஷின் தாங்கும்?" என்றார். தலைமை மருத்துவர், நாங்கள் பெரிய டாக்டரம்மா என்று சொல்கிறவர், யோசித்துவிட்டு ஒரு முடிவு சொன்னார். இரத்த வங்கித் திரையில் தேடும் வசதியை அடைத்துவிட வேண்டும். தேவைப்பட்டால் நான் கணினிப் பிரிவுக்குப் போன் செய்து கேட்க வேண்டும். அவர்கள் ஒரு தடவை தேடிச் சொல்வார்கள். என்னைக் கிடங்குக்கு மாற்றிவிடலாமா என்பதை வாரக் கடைசிக் கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கேட்டுத் தேடிச் சொல்ல அது என்ன பஸ் நேரமா? எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அதைவிடக் கொடுமை, அடைக்கிற வேலையை அண்ணியிடம் கொடுத்தார்கள்.

அவள் அடைக்கவில்லை. "காரணம் தெரியாம அடைக்க மாட்டேன் சார்" என்று மேலாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அவர், "உங்க நாத்தனாருக்காகப் பேசுறீங்க" என்றார். "எனக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தையே சரியில்ல, வேணும்னா விசாரிச்சுப் பாருங்க" என்றாளாம். அது உண்மைதான்.

மேலாளர் தன் பங்குக்கு நாற்பதை இருநூறு ஆக்கினார். அன்றைக்கு மதியம் மயக்கம் வரவில்லை. எல்லோரும் டீ குடிக்காமல் தவித்தார்கள். "பாத்தீங்களா முரண்டு? இவ்வளவுதான் விஷயம்" என்று மாடிப்படியில் வைத்தே கேலி செய்தார். மறுநாள் சாயங்காலம் மயக்கம் வந்தது. இருநூறையும் சுமந்த டேட்டாபேஸ் முதலில் மூச்சு வாங்கி, ஆய்வுக்கூடத் திரைகள் ஊர்ந்து, பிறகு மொத்தமாகப் படுத்தது. வழக்கமான தண்ணீருக்கு எழவே இல்லை. வெகுநேரம் போராடினார்கள். ஓட்டைப் பானைக்குப் பதில் பெரிய ஓட்டைப் பானை வாங்கினால் தண்ணீர் நிற்குமா?

அன்று வீட்டுக்கு வந்ததும் அண்ணி என் அறைக்கு வந்து நின்றாள். அவள் என் அறைக்கு வருவதே அபூர்வம்.

"நாளைக்கு நீ அழுத்தணும்."

"என்னத்த?"

"ஓ நெகட்டிவ். கை வலிக்கிற வரைக்கும் அழுத்து. நிறுத்தாத."

"என்ன அண்ணி, என் வேலைக்கு மொத்தமா வேட்டு வைக்கப் போறீங்களா?"

"வேட்டு ஏற்கனவே வெச்சாச்சு. வெடிக்கிறதுக்குள்ள திரியக் கண்டுபிடிக்கணும். சும்மா கிடக்குற ஒரு மிஷினக் காலையில எழுப்பி, வார்டு ஸ்கிரீன் எல்லாத்தையும் அதுக்கு மாத்திடுறேன். உன் பக்கத்து மேச ஸ்கிரீனும் அதுலதான் ஓடும். உயிர் போற அவசரம்னா அதுல தேடு. உன் ஸ்கிரீன் மட்டும் பழைய மிஷின்ல இருக்கும். அது தனியா மயங்கட்டும். யார் வேலையும் கெடாது."

"மேலாளர் தண்ணி தெளிச்சிடுவாரே?"

"தெளிக்க முடியாது. என்னை ஒண்ண அடைக்கச் சொன்னாங்கல்ல? அடைக்கத்தான் போறேன். அவரு ரூம்லேர்ந்து ரீஸ்டார்ட் பண்ற வழிய."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் சொல்லி நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. "உனக்காகன்னு நெனச்சுக்காத" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் நான் அழுத்தினேன். இருநூறை அவள் மறுபடி நாற்பதாக்கி வைத்திருந்தாள், சீக்கிரம் மயங்கட்டும் என்று. அன்று எங்கேயும் ஓ நெகட்டிவ் இல்லை. இல்லை, இல்லை, இல்லை என்று வந்துகொண்டிருந்தது. இடையில் வழக்கமான வேலைக்காக ஏ பாசிட்டிவும் பி பாசிட்டிவும் அதே திரையில் எத்தனையோ தடவை தேடினேன்; கிடைத்தது, அனுப்பினேன். பிறகு மறுபடி ஓ நெகட்டிவ். மதியத்துக்கு வெகு முன்பே என் திரை உறைந்தது. பக்கத்துத் திரை ஓடிக்கொண்டிருந்தது. வார்டுகளில் யாருக்கும் ஒன்றுமே தெரியவில்லை.

நான் மாடி ஏறினேன். சர்வர் அறை வாசலில் மேலாளர் முகம் சிவந்து நின்றுகொண்டிருந்தார்.

"கதவத் திறங்க. என் ரூம்லேர்ந்து ரீஸ்டார்ட் ஆகல."

"ஆகாது சார். நான்தான் அடைச்சேன்."

"இது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியுமா உங்களுக்கு? வேலை போயிடும்."

"போகட்டும் சார். பாத்துட்டுத் தரேன். பாக்குறதுக்கு முன்னாடி தண்ணி தெளிக்க மாட்டேன்."

கத்தவில்லை. அவள் கத்துகிறவள்தான், கத்தரிக்கோலுக்குக் கத்துகிறவள். அன்றைக்குக் கத்தாமல் சொன்னது எனக்கே பயமாக இருந்தது. அவர் பெரிய டாக்டரம்மாவிடம் ஓடினார். அண்ணி கதவைத் திறந்து என்னை உள்ளே விட்டாள். அவர் திரும்பி வருவதற்குள் அண்ணி பார்த்துவிட்டாள்.

டேட்டாபேஸிடம் கேட்டால், தன்னைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் கடைசியாக என்ன கேட்டார்கள் என்று அது சொல்லுமாம். நாற்பது இணைப்புகளும் வேலை ஏதும் இல்லாமல் சும்மா கிடந்தன. நாற்பதும் கடைசியாகக் கேட்டது ஒரே கேள்வி: ஓ நெகட்டிவ் இருக்கிறதா?

"ஏ பாசிட்டிவும்தானே தேடின?" என்று என்னைக் கேட்டாள்.

"நிறைய."

"அது ஒண்ணுகூட இங்க இல்ல. எல்லாம் திரும்பி வந்திருக்கு. இல்லைன்னு பதில் வந்தது மட்டும் திரும்பல."

தேடலுக்கான புரோகிராமைத் திறந்தாள். எனக்குக்கூடப் புரிகிற மாதிரிதான் இருந்தது. இணைப்பை எடு. கேள். ஒன்றும் கிடைக்காவிட்டால் 'இல்லை' என்று காட்டிவிட்டு வெளியே போ. கிடைத்தால் பட்டியலைக் காட்டு. இணைப்பைத் திருப்பி வை. திருப்பி வைக்கச் சொல்லும் வரி கடைசியில் இருந்தது. ஒன்றும் கிடைக்காதவன் அதற்கு முன்பே வெளியே போய்விடுகிறான், நாற்காலியோடு. அவசரம் அதிகமான நாளில்தான் அதிகம் 'இல்லை' வரும், அதிகம் தேடுவார்கள், அன்றைக்குத்தான் எல்லாம் படுக்கும். எங்கள் குடுமியைப் பிடித்து ஆட்டியது இந்த ஒரு வரி.

அந்த வரிகளை எழுதியவரின் பெயர் பக்கத்திலேயே இருந்தது. அண்ணி அதைப் பார்த்தாள். நான் பார்த்தேன். என் அண்ணன் பெயர். கல்யாணத்துக்கு முன்னால் அவன் இருந்த 'ஏதோ கம்பெனி' எது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பெரிய டாக்டரம்மா அறுவை அரங்கில் இருந்ததால் பார்க்க முடியாமல் திரும்பி வந்த மேலாளரும் அதைப் பார்த்துவிட்டார். அவர் முகத்தில் இருந்த சிவப்பு இறங்கியது. குரலும் இறங்கியது. "இது நமக்குள்ளயே இருக்கட்டும். அந்த வரிய நீங்க சத்தமில்லாமத் திருத்திடுங்க. கூட்டத்துல நான் பழையபடியே சொல்லிக்கிறேன். உங்க வீட்டுக்காரர் பேரு வெளிய வராது, நீங்க என் வழிய அடைச்சதும் வெளிய வராது" என்றார். பழையபடி என்றால் என் பெயர். நான் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறேன், என்னை ஒரு நாற்காலியாகக்கூட அவர் மதிக்கவில்லை.

அண்ணி திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாயங்காலம் பஸ்ஸில் வழக்கம்போல நான் பின்னால் போய் உட்கார்ந்தேன். புருஷனா நாத்தனாரா என்று வந்தால் எவள் நாத்தனார் பக்கம் நிற்பாள்? மனசு விட்டுப்போயிற்று.

வீட்டில் அண்ணன் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் அவன் முன்னால் போய் நின்றாள்.

"ரத்தம் தேடுற புரோகிராம் நீங்கதானே எழுதினீங்க?"

"ஆமா, அது எப்பவோ. ஏன், நல்லா ஓடுதா?"

"சோதிச்சுப் பாத்தீங்களா அப்ப?"

"பாக்காம? எல்லா வகையும் போட்டுப் பாத்தேனே. ஒரு பிரச்சினையும் வரல."

"இருக்குற ரத்தத்தத் தேடிப் பாத்தீங்க. இல்லாத ரத்தத்தத் தேடிப் பாத்தீங்களா?"

அண்ணன் பேனாவைக் கீழே வைத்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது, அந்த வகையில் அவன் நல்ல வாத்தியார்தான். பிறகு தயங்கித் தயங்கி, "பேரு சொல்லாம இருக்க முடியாதா? என் காலேஜ் பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சா சிரிப்பாங்க" என்றான். அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "சிரிக்கட்டும்" என்றாள்.

கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், தீர்ப்பு கேட்க. மேலாளர் ஆரம்பித்தார். மேசை, பதட்டம், பட்டன். அண்ணி நடுவில் எழுந்தாள். நடந்ததை எல்லாம் சொன்னாள், சக்கர நாற்காலியோடு. பெரிய டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். "அந்த வரிய எழுதினது யாரு?"

"பழைய கம்பெனி மேடம், யாருன்னு இப்பத் தெரியாது" என்றார் மேலாளர், அவசரமாக.

"தெரியும் மேடம். என் வீட்டுக்காரர்."

அறையில் யாரோ இருமினார்கள். அண்ணி விடவில்லை. "அவரு பண்ணது ஒரு வரி தப்பு. அந்தத் தப்பு தினமும் மதியம் நம்ம கதவத் தட்டி, 'நான் இங்க இருக்கேன்'னு சொல்லிச்சு. நாம தினமும் தண்ணியத் தெளிச்சுத் தொடச்சோம். அது எங்க பிரிவு பண்ண தப்பு. பட்டன அழுத்தினவ பண்ணது தப்பே இல்ல. அவ வேலையத்தான் அவ பாத்தா."

மேலாளர் விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டார். அதெல்லாம் சரி, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது வீண்தானே, மேசைக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கட்டுமே என்றார். அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்த எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "உங்க வீட்ல யாருக்காவது ரத்தம் போயிட்டிருந்தா ஒரு தடவ கேட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவீங்களா சார்?" என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

பெரிய டாக்டரம்மா முடிவு சொன்னார். நான் மேசையிலேயே இருக்கலாம். தேடலை யாரும் அடைக்கக் கூடாது. ஆனால் மேலதிகாரியின் வழியை அடைத்ததற்காக அண்ணிக்கு எச்சரிக்கை, எழுத்து மூலமாக.

"குடுங்க மேடம், வாங்கிக்கிறேன்" என்றாள் அண்ணி. "ஆனா காரணம் தெரியாம இனிமேலும் தெளிக்க மாட்டேன். அதையும் சேத்தே எழுதிடுங்க. மறுபடி மறுபடி எழுத வேண்டாம்."

அன்றைக்கே வரியைத் திருத்தினாள். பதில் கிடைத்தாலும், கிடைக்காவிட்டாலும், பாதியில் முறிந்தாலும் இணைப்பு திரும்பி வந்தே ஆக வேண்டும் என்று மாற்றினாள். எடுத்ததை யாராவது ஒரு நிமிடத்துக்கு மேல் வைத்திருந்தால் எந்த வரி எடுத்தது என்று காட்டிக்கொடுக்க ஒரு காவலும் போட்டாள். மதிய மயக்கம் நின்றது. நர்சுகள் டீக்கு வேறு சாக்கு கண்டுபிடித்துவிட்டார்கள். அண்ணனோ இப்போது பிள்ளைகளுக்கு முதல் பாடமே தன் தப்பிலிருந்துதான் நடத்துகிறானாம். அவர்கள் சிரிக்கத்தான் செய்தார்களாம்.

எங்கள் ஏழாம் பொருத்தம் அப்படியேதான் இருக்கிறது. நேற்றுக்கூடக் கத்தரிக்கோலுக்குச் சண்டை.

இன்று காலை அறுவை அரங்கிலிருந்து ஓ நெகட்டிவ் கேட்டு வந்தார்கள். விபத்து, பள்ளிக்கூடப் பையன். அவன் தகப்பன் என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். தேடினேன், இல்லை. மறுபடி தேடினேன், இல்லை. போன் அடித்தது. மூன்றாம் மாடி.

"அழுத்துறது நீதானே?"

"நான்தான். ஏன், மயங்குதா?"

"ஒண்ணு எடுக்குது, ஒண்ணு வெக்குது. மிச்சமெல்லாம் இங்க என் கண்ணு முன்னாடி வரிசையா நிக்குது. நீ நிறுத்தாத."

போனை வைத்தேன். தகப்பன் திரையை எட்டிப் பார்த்தார். "இல்லன்னு போட்டிருக்கேம்மா?" என்றார்.

"அது மிஷின் சொல்றதுங்க. நான் இன்னும் கேட்டுட்டுதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, மறுபடி அழுத்தினேன்.